ஓர் இழையில் ஓராயிரம் உஷ்ணமானிகள்

திருச்சிக்கு வருகிற யாத்திரிகர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ஸ்ரீரங்கம் போவார்கள், ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தால்தான் திருவானைக்காவலில் இறங்குவார்கள். அது அவர்களுக்கு நஷ்டமே தவிர ஊருக்கு இல்லை. பஞ்சபூதத் தலங்களில் இது அப்புத் தலம்; அதாவது நீர்த் தலம். ஒன்பது துவாரங்கள் உள்ள கல் ஜன்னல் வழியாக ஜம்புகேசுவரரைப் பார்த்தால், தாழ்ந்த கருவறையில் லிங்கத்தைச் சுற்றி ஈரம் கசிந்துகொண்டிருக்கும். காவிரியில் வெள்ளம் வந்தால் உள்ளே ஊற்றும் பெருகும் என்பார்கள் ஊர்க்காரர்கள். ஆற்றின் நிலையை அறிவிக்கும் அளவுகோல் ஒன்று கருவறைக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோயிலைப் பற்றி எழுத இப்போது வரவில்லை. இந்த ஊரில்தான் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாற்பது வருஷங்கள் கழித்து உலகமே பேசிய சந்திரசேகர வெங்கட ராமன்தான் அந்தக் குழந்தை. அவர் கண்ட ஒளி விளைவுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த ஒளி இன்று எண்ணெய்க் கிணறுகளிலும், மண்ணுக்கடியில் ஓடும் மின்சாரக் கேபிள்களிலும், அணைகளின் வயிற்றுக்குள்ளும் உஷ்ணமானியாக வேலை பார்க்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

யந்திரத்துக்கும் நாடி உண்டு

மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியர் நாடி பார்க்கிறார். யந்திரத்துக்கும் அப்படித்தான். அது எவ்வளவு சுடுகிறது, உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது, குழாயில் என்ன வேகத்தில் திரவம் ஓடுகிறது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வியாதி தெரிந்த மாதிரி. திருவெறும்பூரில் செய்யப்படும் ராட்சதக் கொதிகலன்களில் ஐந்நூறு டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிய நீராவி ஓடுகிறது. அங்கே குழாய்க்குக் குழாய் நாடி பார்க்கக் கருவிகள் உண்டு.

இந்தக் கருவிகளின் சரித்திரம் பழையது. இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சக்தி பிறக்கிறது என்று ஜெர்மானியரான ஸீபெக் 1821-ல் கண்டார். தொழிற்சாலைகளில் உள்ள ‘தெர்மோகப்பிள்’ இன்றும் அதே கம்பி ஜோடிதான். ஈரத்தை அளக்க ஸ்விட்ஜர்லாந்துக்காரர் ஸஸ்யூர் மனிதத் தலைமயிரைப் பிடித்தார். காற்றில் ஈரம் ஏறினால் மயிர் நீளும், வறண்டால் சுருங்கும். இது 1783-ஆம் வருஷத்துச் சமாசாரம். ஓட்டத்தை அளக்க மைக்கேல் ஃபாரடே 1832-ல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நதிக்குள் தகடுகளைத் தொங்கவிட்டார். ஓடும் நீர் பூமியின் காந்தத்தை வெட்டும்போது மின்சாரம் எழவேண்டும் என்பது அவர் கணக்கு. பரிசோதனை பலிக்கவில்லை, கணக்கு தப்பவில்லை. இன்று பல ஆலைகளில் குழாய்க்கு வெளியே காந்தத்தை வைத்து ஓட்டத்தை அளப்பது அதே தத்துவப்படிதான்.

ஆனால் ஒரு சங்கடம். தெர்மோகப்பிள், தான் இருக்கும் ஓரிடத்தின் உஷ்ணத்தை மட்டுமே சொல்லும். இருபது மைல் கேபிளில் எந்த அடி சுடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அடிக்கு ஒரு கருவி, கருவிக்கு இரண்டு கம்பி என்று வைத்தால் கேபிளைவிடக் கம்பிகள் தடித்துவிடும்.

நாடி பார்த்த விரலே ஒடிந்தால்?

வேறொரு சங்கடமும் உண்டு, அது பொல்லாதது. ஜப்பானில் மோன்ஜு என்ற பெயரில் ஓர் அணு உலை இருந்தது. அங்கே உஷ்ணத்தை எடுத்துச் செல்ல நீருக்குப் பதில் உருகிய சோடியம் ஓடியது. சோடியம் உஷ்ணத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும், நீர் பட்டால் வெடிக்கும். 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி அந்தக் குழாயிலிருந்து சுமார் 640 கிலோ சோடியம் வெளியே கொட்டித் தீப்பற்றிக்கொண்டது. கதிரியக்கம் வெளிவரவில்லை, உயிர்ச் சேதமும் இல்லை. ஆனால் காரணம் என்ன என்று தோண்டிப் பார்த்தபோது நிபுணர்களே திகைத்தார்கள்.

சோடியத்தின் சூட்டை அளப்பதற்காக ஓட்டத்துக்குள் நீட்டியிருந்த தெர்மோகப்பிள் உறைதான் ஒடிந்திருந்தது! ஆற்றில் வேகமாய் ஓடும் நீரில் ஒரு நாணலை நட்டால், அதன் பின்னால் சுழல்கள் தோன்றி நாணல் படபடவென்று துடிக்கும் அல்லவா? அதே போல் இந்த உறையும் துடித்துத் துடித்து, தடித்த பாகம் மெலியும் இடத்தில் களைத்து முறிந்தது. காவலுக்கு வைத்த கருவியே கதவைத் திறந்துவிட்டது. அந்த விபத்தைப் படம் பிடித்த வீடியோவில் ஒரு பகுதியை மறைத்தார்கள் என்று பிறகு தெரியவந்து ஜனங்களுக்கு நம்பிக்கை போயிற்று. அந்த உலை 2010-ல் மீண்டும் ஓடிப் பார்த்தது. 2016-ல் அதை மூடிவிடுவதென்றே முடிவாயிற்று. உறை ஒடிந்தது பொறியாளர்களின் தவறு. வீடியோவை மறைத்தது வேறு ஜாதித் தவறு. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

ஓட்டத்துக்குள் எதையும் நீட்டாமல், குழாயின் வெளிப்புறம் முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க ஒரு வழி உண்டா? இங்கேதான் திருவானைக்காவல் பிள்ளை வருகிறார்.

பையில் இருக்கும் காசு

1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும் அவருடைய சீடர் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய வெளிச்சத்தை வர்ணக் கண்ணாடி வழியே வடிகட்டித் திரவங்களில் பாய்ச்சினார்கள். கிருஷ்ணனும் தமிழர்தான்; வத்திராயிருப்பில் பிறந்தவர். அறுபது விதத் திரவங்களைச் சோதித்தார்கள். நுழைந்த நிறத்தில் இல்லாத ஒரு மங்கிய ஒளி சிதறி வெளியே வந்தது. அதைக் கண்டுகொள்ள அவர்கள் முதலில் நம்பியது தங்கள் கண்ணைத்தான்!

நடந்தது என்ன? ஒளித் துகளைக் காசுப் பையோடு சந்தைக்குள் புகுந்த மனிதனாக நினைத்துக்கொள்ளுங்கள். கோடிப் பேரில் ஏறக்குறைய எல்லாரும் கொண்டுபோன காசோடு திரும்பிவிடுகிறார்கள். எங்கோ ஒருவன் மட்டும் அங்கே ஒரு மூலக்கூறுக்குக் காசைக் கொடுத்துவிட்டு இளைத்து வருகிறான். அவன் நிறம் சிவப்பை நோக்கி நகர்ந்துவிடும். இன்னும் அபூர்வமாக ஒருவன் மூலக்கூறிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு கொழுத்து வருகிறான். அவன் நிறம் நீலத்தை நோக்கி நகரும். இந்தக் கொழுத்த ஒளியைப் பற்றியும் ராமனும் கிருஷ்ணனும் அதே வருஷத்திலேயே எழுதிவிட்டார்கள். (ஏறக்குறைய அதே சமயத்தில் மாஸ்கோவில் இரண்டு ரஷ்யர்கள் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டார்கள். முதலில் யார் என்ற வழக்கு வேறு, அதற்குள் போகவேண்டாம்.)

விஷயத்தின் முடிச்சு இதுதான்: கையில் இருந்தால்தானே மூலக்கூறு கொடுக்கமுடியும்? அதன் காசு என்பது அதன் துடிப்பு. சூடு ஏற ஏறத் துடிப்பும் ஏறும். ஆகவே சூடான இடத்திலிருந்து கொழுத்த ஒளி அதிகம் திரும்பும். குளிர்ந்த இடத்திலிருந்து குறைவாகத் திரும்பும். இளைத்தவனையும் கொழுத்தவனையும் எண்ணி வகுத்துப் பார்த்தால் அந்த இடத்தின் உஷ்ணம் கிடைத்துவிடுகிறது. தொடவேண்டாம், கம்பி வேண்டாம்.

டெலிபோன் பேச்சைக் கடத்தும் கண்ணாடி இழை தலைமயிர் போல மெலிந்தது. அதன் ஒரு முனையில் லேசர் ஒளியைக் கண்ணிமைப்பில் கோடியில் ஒரு பங்கு நேரம் மட்டும் துடிப்பாக அனுப்புகிறார்கள். வழியில் ஒவ்வொரு அடியிலும் அதில் இம்மியளவு சிதறித் திரும்பி வருகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்பவேண்டும் என்பதால், விநாடியை நூறு கோடியாகக் கூறுபோட்டு அதில் பத்துக் கூறு தாமதித்து வந்தால் ஒளி ஒரு மீட்டர் தள்ளிச் சிதறியது என்று பொருள். நூறு கூறு தாமதித்தால் பத்து மீட்டர். சப்தம் போட்டுக் கிணற்றின் ஆழம் பார்ப்பது போலத்தான். இப்படி ஒரே இழை, மீட்டருக்கு ஒன்றாகப் பல ஆயிரம் உஷ்ணமானிகளாகிவிடுகிறது. 1985-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் ராமன் ஒளியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். நோபல் பரிசுக்குப் பின் ஐம்பத்தைந்து வருஷம்! அப்போது ராமன் இல்லை. 1970-லேயே பெங்களூரில் காலமாகிவிட்டார்.

நம் கல்பாக்கத்திலும் சோடியம் ஓடுகிறது. அங்குள்ள சோதனை உலை 1985 அக்டோபரில் உயிர் பெற்றது. சோடியக் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிக்கப் பீங்கான் மணிகள் கோத்த நிக்கல் கம்பிகளைச் சுற்றிவைப்பது வழக்கம். சோடியம் கசிந்து கம்பியையும் குழாயையும் தொட்டால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். அதோடு ராமன் இழையைச் சுற்றிப் பார்க்கும் ஆராய்ச்சியும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தில் நடந்திருக்கிறது. கசிந்த இடம் சட்டென்று சுடும்; அது எத்தனையாவது மீட்டர் என்று இழை சொல்லிவிடும்.

குறை இல்லாத கருவி ஏது? திரும்புகிற ஒளி அற்பசொற்பமானதால் லட்சக்கணக்கான துடிப்புகளைக் கூட்டிச் சராசரி எடுக்கவேண்டும். அதற்குச் சில விநாடியிலிருந்து சில நிமிஷம் வரை ஆகும். கண்ணிமைக்கும் நேரத்தில் உலையை நிறுத்தவேண்டிய இடத்தில் பழைய தெர்மோகப்பிளை நம்பித்தான் ஆகவேண்டும். சாதாரண இழையின் மேல்பூச்சு கடும் சூட்டில் கருகிவிடும். பொன் பூசிய இழைகூடச் செய்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளில் ஹைட்ரஜன் வாயு கண்ணாடிக்குள் ஊறி அதை மங்கச் செய்வதும் உண்டு.

ஈரமும் ஓட்டமும்

1998-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகர மத்தியில் ஐந்து வாரம் போல மின்சாரம் தடுமாறிற்று. நகருக்கு வந்த நான்கு பெரிய நிலத்தடிக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கேபிள்களும் பழையவை, அந்தக் கோடையோ கடும் கோடை. ஈரமான மண் கேபிளின் சூட்டை வாங்கிக்கொள்ளும். மண் காய்ந்தால் சூடு கேபிளிலேயே தங்கும். கேபிளோடு இழையைச் சேர்த்துப் புதைப்பது இன்று பல நகரங்களில் வழக்கமாகியிருக்கிறது.

ஈரத்தை அளக்க ஒரு தந்திரமும் உண்டு. இழையோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்து மண்ணில் புதைத்து, சற்று நேரம் மின்சாரம் விட்டுச் சூடாக்குகிறார்கள். காய்ந்த மண்ணில் சூடு மளமளவென்று ஏறும். ஈரமண்ணில் தயங்கி ஏறும். நீர் ஓடிக்கொண்டிருந்தாலோ ஏறவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும், காப்பியை ஆற்றும்போது பார்க்கிறோமே, அதேபோல. 1990-களிலிருந்து ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் மண் அணைகளுக்குள் இழை போட்டுக் கசிவு பார்க்கிறார்கள்.

திருவானைக்காவலும் ஸ்ரீரங்கமும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை இந்தத் தீவுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கரை உடைப்பு ஒரே நாளில் வருவதில்லை; ஏதோ ஒரு மூலையில் ஈரமாகத் தொடங்கி, கசிவாகி, ஊற்றாகிப் பிறகுதான் உடைகிறது. வெள்ளக் காலத்தில் ஆட்கள் கையில் விளக்கோடு கரையில் நடந்து, புல் எங்கே நனைந்திருக்கிறது, மண் எங்கே பொதபொதக்கிறது என்று காலால் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த நீர் கரைக்குள் மண்ணைவிடக் குளிர்ந்தோ சூடாகவோதான் நுழைகிறது. இழை கண்டுபிடிப்பது அந்த ஓரிரண்டு டிகிரி வித்தியாசத்தைத்தான்.