கரிசலுக்கு வந்த வண்டிகள்

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு. வாசற்படி இறங்கினால் தமிழ். சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று கரிசல் காடு நெடுக இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார் என்று பிரிவுகள் வேறு. வடக்கேயிருந்து மாடு கன்றோடு வந்து காடு திருத்திய கதை எல்லோருக்கும் பொது.

எங்கள் அவ்வா (பாட்டி) சொன்ன கதை இது. ஒரு ராஜா நம் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் ராவோடு ராவாகக் கிளம்பினார்கள். பின்னால் குதிரைப்படை, முன்னால் ஆற்று வெள்ளம். கரையில் நின்ற புங்கமரம் வளைந்து கொடுத்து அக்கரை சேர்த்தது. கம்பளத்தார் புங்கமரத்தைக் கும்பிடுவதற்கும் இப்படியொரு கதைதான் காரணம். இந்த வழிநடையைத்தான் கி. ராஜநாராயணன் 1976இல் ‘கோபல்ல கிராமம்’ நாவலாக்கினார்.

ஒரே இரவில் நடந்ததாகக் கதை சொன்னாலும், நடந்து முடியத் தலைமுறைகள் ஆயின. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் குமார கம்பணன் மதுரை சுல்தான்களை வென்றபோது அந்த அரசுக்குத் தெற்கே வழி திறந்தது. பிறகு விசுவநாத நாயக்கர் காலத்தில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. படைக்குப் பின்னால் உழவர்கள் வந்தார்கள். ஓர் ஊரில் தங்கி, விதைத்து, அறுத்து, அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தது.

தாமிரபரணிக் கரை நஞ்சைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. மிஞ்சியது முள் மண்டிய கரிசல். வந்தவர்களுக்கு அது புது மண் இல்லை, தக்காணத்தில் அதைத்தான் உழுதிருந்தார்கள். எவ்வளவு பெரிய துணை அது! மழை பெய்தால் கரிசல் பசையாகிவிடும், வண்டிச் சக்கரம் குடம்வரை இறங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நல்ல காளைகளும் கனத்த கலப்பையும் இல்லாதவனால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் குடித்த தண்ணீரை அது லேசில் விடாது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டால், கார்த்திகையோடு மழை நின்றாலும் அடிமண் ஈரத்தில் பருத்தி நின்று, மாசி, பங்குனியில் வெடிக்கும்.

எனக்கு வழிநடையைவிட வந்து சேர்ந்த பிறகான வருஷங்கள்தான் பெரிசாகத் தெரிகின்றன. வேலமரத்தை வேரோடு பறிக்க வேண்டும், கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீருக்கு ஊருணி தோண்டி, அது வற்றினால் பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். அவ்வாவின் கதையில் புங்கமரம் வருகிறது, இந்தப் பெண்கள் வருவதில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

இப்படி மண் தேடிப் போனது நாங்கள் மட்டுமில்லை. அமெரிக்காவிலும் மாட்டுவண்டிகள்தான் குடும்பங்களை மேற்கே கொண்டுபோயின. 1862இல் வந்த சட்டம், ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளை விரட்டிவிட்டுக் கொடுத்த நிலம் அது. அதை மறைத்துப் பேசக் கூடாது. அதே சமயம் அங்கே உள்நாட்டுப் போர் (1861–65) நடந்தது. அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்து மில்களுக்குப் போவது தடைப்பட, நம் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. இங்கே விளைந்த பருத்தி ‘திருநெல்வேலி’ என்ற பெயரிலேயே தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது.

இன்று எங்கள் கரிசல் காட்டில் பாதி சீமைக்கருவேலம், மீதியில் மக்காச்சோளம். பிள்ளைகள் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் வேலைக்குப் போகிறார்கள். மழை குறைந்த இந்த வறண்ட காற்றுதான் பட்டாசுத் தொழிலுக்கும் வாய்ப்பானது. அதில் குறை சொல்ல எனக்கு மனம் வராது, சோறு போடுகிற தொழில்.

ஆனால் எந்தச் சாமியைக் கூடவே கொண்டுவந்தார்கள், எந்த ஊரில் முதலில் இறக்கிவைத்தார்கள், முதல் ஊருணியை யார் வெட்டினார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைக் கேட்டு எழுதி வைக்க எங்கள் தெருவில் தொடங்கியிருக்கிறேன். முதலில் கேட்பது தண்ணீர் சுமந்த பாட்டிகளைப் பற்றித்தான்.