எரிவதும் அணைவதுமாக ஒரு மஞ்சள் விளக்கு… பழைய காரின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து கீரை, காய்கறி ஏற்றிக்கொண்டு எண்ணூர், திருவொற்றியூர் வழியாகச் சென்னைக்கு வருகிறவர்களுக்கு, வழியில் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஓரங்கட்டக்கூட இடம் கிடைக்காது. அதனால்தான், டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒருநாள் எரிந்து மறுநாள் அணைந்தால் பலருக்கும் குழப்பம். ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று விடுவதா, ஒர்க்‌ஷாப் சொல்கிறபடி சென்சாரை மாற்றுவதா? இரண்டுமே அவசரம்.

அணைந்தாலும் நினைவில் இருக்கும்

கோளாறு ஒருமுறை தெரிந்ததுமே விளக்கு எரியாது. பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் எரியும். பிறகு மூன்று ஓட்டங்கள் குறையில்லாமல் போனால் அணைந்துவிடும். ஆனாலும், கோளாறின் எண் கம்ப்யூட்டரின் நினைவில் சுமார் 40 முறை இன்ஜின் சூடேறி ஆறும் வரை அழியாமல் இருக்கும். எனவே விளக்கு அணைந்த பிறகும் காரணத்தைத் தேட முடியும்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். சிமிட்டினால் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும். ஆயில், வெப்பநிலை ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

கடற்காற்றும் எலியும்

விட்டுவிட்டு வரும் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் உடைந்த உதிரிபாகம் அல்ல, சரியாகப் பொருந்தாத இணைப்பு. திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஈரமான காலையில் கோளாறு காட்டும். வெயில் ஏறியதும் சரியாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை வாங்குகிறவர்கள் இந்த இணைப்புகளை அவசியம் பார்க்க வேண்டும். களத்திலும் வைக்கோல்போர் பக்கத்திலும் நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்திருக்கும். பின்னால் பொருத்திய ஹாரன், கேஸ் கிட் ஆகியவற்றுக்காக வெட்டி முறுக்கிய ஒயர்களும் சந்தேகத்துக்கு உரியவை.

வரிசையாகச் சோதியுங்கள்

1. குறித்து வையுங்கள். விளக்கு எரியும்போது தேதி, கிலோமீட்டர், மழையா வெயிலா, இன்ஜின் சூடா குளிரா, ஏசி ஓடியதா என எழுதுங்கள். மெக்கானிக்குக் கைகொடுப்பது இதுதான்.

2. எண்ணைப் படியுங்கள். ஓ.பி.டி. 2 முறை உள்ள கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். 2013 ஏப்ரல் முதல் வந்த பாரத் நிலை 4 கார்களில் இது கட்டாயம். செல்போனோடு இணையும் சிறிய ஸ்கேனரே போதும். அதற்கு முந்தைய சில கார்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஸ்கேனர் தேவைப்படும். எண்ணோடு, கோளாறு வந்த நேரத்தின் வேகம், வெப்பநிலை போன்ற பதிவையும் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகே அழிக்க வேண்டும்.

3. பேட்டரி, எர்த். நிறுத்திய நிலையில் முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கழற்றித் துருவைத் துடைத்து இறுக்குங்கள்.

4. ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, மின்விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல், கனெக்டர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசையுங்கள். இன்ஜின் தடுமாறினாலோ ஸ்கேனரில் அளவு தாவினாலோ இடம் பிடிபட்டுவிடும்.

5. இடம் மாற்றுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். தனித்தனி காயில் உள்ள வண்டியில், முதல் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். எண் பி0303 ஆனால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், ஒயர் எனத் தேடலாம்.

எண் நோயல்ல, அறிகுறி

பி0171 வந்தால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடாதீர்கள். அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும். ஐடிலில் மட்டும் குறை தெரிந்து, 2,500 சுற்றில் சரியானால் விரிசல் விட்ட வேக்குவம் ரப்பர் குழாயைச் சந்தேகியுங்கள். பாரம் ஏற்றி ஓட்டும்போது கூடினால் ஃப்யூயல் ஃபில்டர், பம்ப்பைப் பாருங்கள்.

வாசகர்கள் கேட்பவை

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடுகிறதே?
பல கார்களில் அணையும். ஆனால் துப்பும் சேர்ந்து அழியும். கோளாறு அப்படியே இருந்து, சில நாளில் திரும்ப எரியும்.

களிம்பு பிடித்த கனெக்டரைத் தண்ணீரால் கழுவலாமா?
கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். முனை அரித்துப்போயிருந்தால் கனெக்டரையே மாற்றுவதுதான் சரி.