உறவாகத் தொடரும் உதவி



சென்னை மாநகருக்குக் கடல் கடந்த உடன்பிறப்புகள் உண்டு. ரஷ்யாவின் வோல்கோகிராடு ஒன்று. 1984-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் டென்வர் மற்றொன்று. வேறு வேறு நாடுகளில் உள்ள இரு ஊர்கள் உறவு பூண்டு, ஒன்றுக்கொன்று துணை நிற்பதைச் சகோதர நகர உறவு என்கிறோம். சென்னையின் இந்த இரு உடன்பிறப்புகளுமே இத்தகைய உறவின் தொடக்க வரலாற்றில் இடம்பெற்றவை.

1940 நவம்பர் 14 இரவில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரம் குண்டுவீச்சில் அழிந்தது. தூய மிக்கேல் பேராலயம் எரிந்து, வெளிச்சுவர்களும் கோபுரமுமே மிஞ்சின. ஈராண்டுக்குப் பின் அதைவிடப் பேரழிவைச் சந்தித்தது ஸ்டாலின்கிராடு, அதாவது இன்றைய வோல்கோகிராடு. தன் காயமே ஆறாத கவன்ட்ரி, அந்த நகரை நினைத்தது. 830 பெண்களின் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் பூத்தையலால் பொறித்து, சிறுசிறு காசாகச் சேர்த்த நன்கொடையோடு அனுப்பி வைத்தார்கள். பெரிதாகப் பரிதாபப்படுவதைவிடச் சிறிதாக உதவுவதே மேல் என்ற கருத்தும் அந்த விரிப்பில் தைக்கப்பட்டிருந்தது. 1944-இல் இரு நகரங்களும் உறவு பூண்டன.

போரில் இடிந்த பிரான்சின் பிரெஸ்ட் நகருக்காக, 1948-இல் டென்வரின் பள்ளிப் பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள். 32,000 டாலர் சேர்ந்தது. மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு மீண்டும் எழ அது உதவியது.

தொடங்குவதைவிடத் தொடர்வது கடினம். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர மக்கள், நிகரகுவா நாட்டின் ஏழை ஊரான விவிலிக்குக் குடிநீர் கொண்டுவரத் துணை நின்றார்கள். அந்தப் பணிக்காகச் சென்ற ஃபிரைபர்க்காரர் பெர்ன்ட் கோபர்ஸ்டைன், 1986 ஜூலையில் அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டார். அதோடு எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் அந்த மக்கள் கைவிடவில்லை. ஃபிரைபர்க்கின் ஒரு பாலம் இன்று விவிலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015-இல் இரு ஊர்களும் முறைப்படி சகோதர நகரங்களாயின.

இது திருச்சபைக்குப் புதிதல்ல. எருசலேமின் ஏழைகளுக்காகத் திருத்தூதர் பவுல் ஊர் ஊராக நன்கொடை திரட்டினார். வறுமையில் வாடிய மாசிதோனிய மக்கள், தங்களுக்கும் இதில் பங்கு வேண்டுமென்று கேட்டுக் கொடுத்தார்கள். கொரிந்து நகரத்தாரோ ஓராண்டுக்கு முன்பே ஆர்வத்தோடு தொடங்கியும் இன்னும் முடிக்கவில்லை. தொடங்கியதை முடியுங்கள் என்று பவுல் அவர்களுக்கு எழுதுகிறார் (2 கொரி 8). அவர் கேட்டது பிச்சையல்ல, சமநிலை. இன்று உங்களிடம் இருப்பது அவர்களுக்கு, நாளை அவர்களிடம் இருப்பது உங்களுக்கு என்பதே அவர் சொல்லும் நியாயம்.

ஆடி மாதத்தில் இருக்கன்குடிக்கு நடந்து வரும் பக்தர்களுக்கு வழியில் தண்ணீரும் நீர்மோரும் கொடுப்பவர்கள் ஊர், பேர் கேட்பதில்லை. கொடுக்கும் மனம் நம் மண்ணில் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. வெடிவிபத்து நடந்த வாரத்தில் அரிசியும் ஆறுதலும் வந்து சேரும். ஆறு மாதம் கழித்து? தீக்காயம் பட்டவர் மறுசிகிச்சைக்கு மதுரை போக பேருந்துக் கட்டணம் வேண்டும். தாயை இழந்த பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வேண்டும். அந்த நேரத்தில் நாம் கொரிந்து நகரத்தாராக இருக்கிறோமா?

ஒவ்வோர் அன்பியமும் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை, அவர்கள் எந்தச் சமயத்தவரானாலும், உறவாக ஏற்றுக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு அல்ல, அந்தப் பிள்ளை படித்து முடிக்கும் வரை. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போவோம். நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்களையும் அழைப்போம். வாங்குபவர் நம்மிடம் கூனி நிற்காதபடி கொடுப்பதுதான் உறவு. அத்தகைய உறவைத் தொடங்கவும், தொடங்கியதை முடிக்கவும் இறைவன் நமக்கு வரம் அருள்வாராக. ஆமென்.