படத்தின் மூலையில் ஒரு பெயர்

ஒரு சஞ்சிகையைக் கையில் எடுத்ததும் எமது கண் முதலில் செல்வது படத்தின் மீதுதான். கதையையோ கட்டுரையையோ எழுதியவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை வாசித்து விடுவோம். படத்தின் மூலையில் எறும்பளவில் இருக்கும் கையொப்பத்தை அநேகர் கவனிப்பதில்லை. அந்தக் கையொப்பத்துக்குப் பின்னாலும் ஒரு தொழில் உண்டு. நிரந்தர நியமனமோ மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாமல், பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி வரைந்து கொடுக்கும் தொழில் அது. வீட்டு மேசையில் இருந்தபடியே செய்யக்கூடிய இத்தொழிலால் யுத்த காலத்திலும் தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒரு தாயும் மகளும் பின்லாந்து நாட்டில் இருந்தார்கள். தாய் சிக்னே ஹம்மர்ஸ்தென் யான்சன் (1882-1970). மகள் தூவே யான்சன் (1914-2001).

தாயின் மேசை

தூவேயின் தந்தை ஒரு சிற்பி. சிற்பம் விலைபோனால் வீட்டுக்குப் பணம் வரும், போகாவிட்டால் இல்லை. எனவே நம்பியிருக்கக்கூடிய வருமானம் பெரும்பாலும் தாயின் கையாலேயே வந்தது. அவர் நூல்களுக்கு அட்டைப்படம் வரைந்தார். நாணயத்தாள் அச்சிடும் அச்சகத்தில் பகுதிநேரமாகப் பணியாற்றினார். ஹெல்சிங்கி நகரில் 1923 இல் தொடங்கப்பட்ட 'கார்ம்' என்ற நையாண்டிச் சஞ்சிகைக்கு ஆரம்பம் முதலே கேலிச்சித்திரம் வரைந்தார். பின்லாந்தின் தபால் முத்திரைகளில் பல அவர் வரைந்தவை. இவ்வளவையும் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே செய்தார்.

தூவே பென்சில் பிடிக்கப் பழகியது தாயின் அருகில் இருந்துதான். பதினான்கு வயதில் அவரது படம் முதன்முதலாக அச்சில் வந்தது. 1929 இல், பதினைந்து வயதில், தாய் வரைந்த அதே 'கார்ம்' சஞ்சிகைக்குத் தாமும் வரையத் தொடங்கினார். பின்னர் ஸ்டொக்ஹோமிலும் ஹெல்சிங்கியிலும் முறையாக ஓவியம் கற்றார். படிக்கும் காலத்திலும் பத்திரிகை வேலையை அவர் விடவில்லை.

வேலை நடக்கும் விதம்

ஆசிரியர் கட்டுரையைக் கொடுப்பார். அல்லது விடயத்தை மட்டும் சொல்வார். பக்கத்தில் எவ்வளவு இடம், எந்தத் திகதிக்கு வேண்டும் என்பதும் சொல்லப்படும். ஓவியர் முதலில் பென்சிலால் மாதிரி வரைந்து காட்டுவார். அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே மையால் வரைவார். அக்காலத்தில் மலிவான தாளில் சாம்பல் நிறம் தெளிவாகப் பதியாது. ஆகவே நிழலைக் கூட நுண்ணிய கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்ட வேண்டும். படத்தைப் பெரிதாக வரைந்து, அச்சில் சிறிதாக்குவார்கள். கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கி இருந்தால் சிறிதாகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கரிய திட்டாகிவிடும். எந்தக் கோட்டை விடுவது என்று தெரிந்திருப்பதே இத்தொழிலின் நுட்பம். கட்டுரை சொன்னதையே படமும் திரும்பச் சொன்னால் பயனில்லை. கட்டுரை சொல்லாமல் விட்டதைப் படம் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்குள் ஒரு பேனை

1938 ஒக்டோபரில் 'கார்ம்' அட்டையில் தூவே வரைந்த படம் ஒன்று வெளிவந்தது. அதில் ஹிட்லர் கேக் வேண்டும் என்று வீறிட்டு அழும் குழந்தையாக இருந்தார். அந்நாட்களில் ஐரோப்பாவின் பெரிய தலைவர்கள் அவரைக் கண்டு அஞ்சி, கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை ஓர் இளம்பெண் ஒரே படத்தில் சொல்லிவிட்டார். அவருடைய வீட்டிலேயே தந்தை ஜேர்மனியின் பக்கம் நின்றவர். அதனால் தந்தைக்கும் மகளுக்கும் கடும் வாக்குவாதங்கள் நடந்தன.

1939 நவம்பர் 30 இல் சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கின. சிறு இடைவெளியுடன் 1944 வரை அந்த யுத்தம் நீடித்தது. கரேலியாப் பகுதியில் இருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து சுவீடன் முதலிய அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். தூவேயின் தம்பி போர்முனையில் இருந்தார். குண்டுவீச்சில் ஹெல்சிங்கியின் கட்டடங்கள் சிதறின. 1944 இல் தூவே வாடகைக்கு எடுத்த வேலை அறையின் ஜன்னல்களும் அவ்வாறே உடைந்து கிடந்தன. அதே ஆண்டு பின்வாங்கிய ஜேர்மன் படைகள் வடக்கே லாப்லாந்தை எரித்தழித்தன. தூவே அதையும் அட்டைப்படமாக்கினார்: பல ஹிட்லர்கள் வீடுகளைக் கொள்ளையிட்டுத் தீ வைக்கிறார்கள்.

'கார்ம்' 1953 இல் நின்றுபோகும் வரை அவர் அதற்கு ஏறத்தாழ நூறு அட்டைப்படங்களையும் ஐந்நூறு கேலிச்சித்திரங்களையும் வரைந்தார்.

கையொப்பத்தின் அருகே ஓர் உருவம்

1943 அளவில் தூவேயின் கையொப்பத்துக்கு அருகே நீண்ட மூக்குடைய சிறு பிராணி ஒன்று தோன்றத் தொடங்கியது. சிறு வயதில் தம்பியோடு சண்டை போட்டுவிட்டு, கோபத்தில் சுவரில் வரைந்த அவலட்சணமான உருவம் அது. பின்னர் அதற்கு 'மூமின்' என்று பெயர் வந்தது.

1939 இன் யுத்தக் குளிர்காலத்தில் தூவேக்கு ஓவியம் வரைய மனம் வரவில்லை. படம் வரைவதற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றிய நாட்கள் அவை. அப்போது அவர் தமக்கென்று ஒரு கதை எழுதத் தொடங்கினார். பாதியில் நின்ற அக்கதை, யுத்தம் முடிந்தபின் 1945 இல் அவருடைய படங்களோடு சிறு நூலாக வந்தது. காணாமற்போன தந்தையைத் தேடி ஒரு தாயும் பிள்ளையும் இருண்ட காட்டினூடாகவும் வெள்ளத்தினூடாகவும் நடக்கிறார்கள். வழியில் சந்திக்கும் ஆதரவற்ற சிறு பிராணியையும் கூட்டிச் செல்கிறார்கள். சிறுவர் கதைதான். ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களின் கதையும் அதுவே. கதையில் தந்தை கிடைத்துவிடுகிறார். எல்லா வீடுகளிலும் அப்படி நடப்பதில்லை என்பதை எமது வாசகியருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பெரிய ஒப்பந்தம்

1952 இல் லண்டன் பத்திரிகை நிறுவனம் ஒன்று தூவேயுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. 1954 செப்டெம்பரில் 'ஈவினிங் நியூஸ்' பத்திரிகையில் மூமின் சித்திரக்கதை தொடங்கியது. பிற்காலத்தில் அது நாற்பது வரையான நாடுகளின் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவருடைய வாழ்வில் முதன்முறையாக நிலையான வருமானம் கிடைத்தது. ஆனால் வாரத்துக்கு ஆறு சித்திரத் தொடர்கள், வாரம் தவறாமல். நாளடைவில் அவர் களைத்துப் போனார். தாம் விரும்பிய ஓவியத்துக்கு நேரமே இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்காமல் விட்டார். மற்றொரு தம்பியான லார்ஸ் அந்த வேலையைப் பொறுப்பேற்று 1975 வரை நடத்தினார். தூவே நூல்களுக்குத் திரும்பினார். 'ஹொபிட்' நாவலின் 1962 சுவீடிஷ் பதிப்புக்கும், 1966 இல் 'ஆலிஸின் அற்புத உலகம்' நூலுக்கும் படம் வரைந்தார். அதே 1966 இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

எம்மிடையே வரையும் கை உள்ள சகோதரிகள் பலர். சட்டைக்குப் பூ வேலை மாதிரி வரைபவர்களும், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிக்குப் படம் வரைந்து கொடுப்பவர்களும் உண்டு. அதைத் தொழில் என்று யாரும் சொல்வதில்லை. "சும்மா கீறித் தாங்கோ" என்று கேட்பவர்களே அதிகம். சிறுவர் நூல்கள், சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள், சஞ்சிகைகள் எல்லாவற்றுக்கும் படம் தேவை. வரையக் கேட்டு யாராவது வந்தால் சில விடயங்களை முதலிலேயே பேசி, ஒரு தாளிலாவது எழுதிக் கொள்ளுங்கள். படத்தின் அளவு என்ன? எப்போது கொடுக்க வேண்டும்? எத்தனை தடவை திருத்தலாம்? எவ்வளவு பணம், எப்போது தருவார்கள்? மூலப்படம் யாரிடம் இருக்கும்? வேறொரு நூலிலும் அதை அச்சிடுவதானால் மீண்டும் பணம் உண்டா? கொடுக்குமுன் படத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தாளரைப் போலவே ஓவியரையும் பாதுகாக்கிறது. தமது பெயர் படத்தோடு வெளிவர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதில் உண்டு. இதற்கு எங்கும் சென்று பதிவு செய்ய வேண்டியதில்லை.

ஆகவே, சிறிய படமாக இருந்தாலும் மூலையில் பெயரை எழுதுங்கள். சிக்னேயும் எழுதினார்; தூவேயும் எழுதினார். யார் வரைந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலைக்கும் அவரைத் தேடி வருவார்கள்.