‘திரும்பத் தரப்பட மாட்டாது’ என்று அச்சடித்தால் போதுமா?

ஷோரூமில் கார் பார்க்கப் போகிற அன்று ரசீதின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. நிறம் பிடித்துவிட்டது, பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், “இன்னைக்கே புக் பண்ணிட்டா பழைய விலைக்கே கிடைக்கும் சார்” என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. பத்தாயிரமோ இருபத்தைந்தாயிரமோ கைபேசியிலேயே அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறோம். மூன்று மாதத்தில் நிலைமை மாறிவிடுகிறது. வேலை போகிறது, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்கிறார்கள், அல்லது சொன்ன தேதி தாண்டியும் வண்டி வருகிற வழியைக் காணோம். வேண்டாம் என்று சொல்லப் போகும்போதுதான் பின்பக்கத்துப் பொடி எழுத்து கண்ணில் படுகிறது: முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது.

அதைப் படித்ததும் ‘நாம்தானே கையெழுத்துப் போட்டோம்’ என்று பணத்தைக் கைகழுவிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி விட வேண்டியதில்லை. ரசீதில் அச்சடித்திருப்பது டீலரின் நிபந்தனைதான், சட்டம் அல்ல. வாங்குபவர் பின்வாங்கியதால் விற்பவருக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்றுதான் சட்டம் கேட்கிறது.

இந்தக் கேள்வி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 74-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு பணம் போய்விடும் என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. அதற்கு மிகாத, நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இதன் பொருளைத் தெளிவாக்கியது கார் வழக்கு அல்ல, உருளைக்கிழங்கு வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழியும் முட்டையும் தர ஒப்புக்கொண்ட மௌலா பக்ஸ் என்ற ஒப்பந்ததாரர் சரிவரத் தரவில்லை. அவர் கட்டியிருந்த 18,500 ரூபாய் வைப்புத்தொகையை அரசு எடுத்துக்கொண்டது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பித் தரச் சொன்னது. சரக்கை வெளியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள், எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

2015-இல் வந்த கைலாஷ் நாத் வழக்கு இன்னும் நேரடியானது. டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் ஏலத்தில் ஒரு மனையை எடுத்த நிறுவனம் 78 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தது. மீதிப் பணம் வரவில்லை என்று சொல்லி ஆணையம் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை முன்பைவிட மும்மடங்குக்கும் கூடுதலான விலைக்கு விற்றது. நஷ்டமே ஏற்படாதபோது பறிமுதல் எதற்கு என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது.

இந்த இடத்தில் ஷோரூமை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்பியோ-என் காருக்கு முன்பதிவு தொடங்கியபோது, முதல் நிமிடத்தில் 25,000 பேரும் அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம் பேரும் பதிவு செய்ததாக நிறுவனமே அறிவித்தது. இப்படி வரிசை நிற்கிற வண்டிக்கு ஒருவர் விலகினால் அடுத்தவர் ஓர் இடம் முன்னால் நகர்கிறார். டீலருக்கு எங்கே நஷ்டம்? வாங்க ஆளில்லாத நிறத்தில், நமக்காகவே தொழிற்சாலையிலிருந்து வரவழைத்த வண்டி என்றால் கதை வேறு.

அதனால் எந்தக் கட்டத்தில் ரத்து செய்கிறோம் என்பதுதான் முக்கியம். பெயர் பதிவு செய்து காத்திருக்கும் நிலையில், இன்ன சேசிஸ் எண் கொண்ட வண்டி உங்களுக்கு என்று ஒதுக்காத வரை, டீலர் செலவழித்தது ஒரு ரசீதும் சில போன் அழைப்புகளும்தான். நிர்வாகச் செலவு என்று சிறு தொகை பிடித்தால் அதை எதிர்த்து அலைவதில் அர்த்தமில்லை. நியாயமான அளவிலான முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ள நீதிமன்றங்கள் இடம் கொடுத்ததும் உண்டு. மொத்தத்தையும் விழுங்கப் பார்த்தால்தான் கேள்வி. வண்டி ஒதுக்கப்பட்ட பிறகு, அது யார்டில் நின்ற நாட்களின் வட்டியை டீலர் கேட்கலாம். கணக்குக் காட்டிக் கேட்க வேண்டும்.

உங்கள் பெயரில் பில் போட்டுவிட்டால் நிலைமை கடினமாகிறது. அந்த பில்லை ரத்து செய்ய டீலர் ஜிஎஸ்டி கணக்கில் கிரெடிட் நோட் போட வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுத்து, சாலை வரியும் கட்டி, ஆர்டிஓ பதிவும் முடிந்திருந்தால் அந்த வண்டி வேறொருவருக்குப் புது வண்டியே அல்ல, இரண்டாம் கை. அப்போது டீலர் கேட்கும் நஷ்டம் நிஜமான நஷ்டம். ஆகவே வேண்டாம் என்று மனம் சொல்லத் தொடங்கிய அன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கை நிரப்புவதற்காக “பில் மட்டும் போட்டு வெச்சுக்கிறோம் சார், டெலிவரி அடுத்த வாரம்” என்று கேட்டால், முடிவு உறுதியாகாதவர்கள் சம்மதிக்கக் கூடாது.

தவறு டீலர் பக்கம் இருந்தால் இந்தக் கழிவுக் கணக்குக்கே வேலை இல்லை. சொன்ன தேதியில் வண்டி தரவில்லை, கேட்ட மாடல் நின்றுபோய் வேறொன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றால் முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், தேதி பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஆர்டர் படிவத்தில் ‘உத்தேசமாக’ என்ற ஒரு சொல் போட்டிருப்பார்கள். விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் “தீபாவளிக்கு முன்னாடி கண்டிப்பா சார்” என்று அனுப்பிய செய்தி அப்போது கைகொடுக்கும். அதை அழித்துவிடாதீர்கள்.

“முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டிவிட்டோம், அதைக் கழித்துத்தான் தர முடியும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொருட்களுக்காக வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கும்போதே ஜிஎஸ்டி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பர் 15 அறிவிக்கை சொல்கிறது. பில் போடும்போதுதான் வரி.

பணம் யாருடைய கணக்குக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். டீலர் நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் பிரதிநிதியின் சொந்த எண்ணுக்கு அனுப்பியிருந்தால், அவர் வேலையை விட்டுப் போன பிறகு “எங்களுக்கு வரவே இல்லை” என்று ஷோரூம் கைவிரித்துவிடும். அதேபோல, கார் கம்பெனி பெரிய கம்பெனி, அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் முழுதாகச் செல்லாது. கம்பெனி டீலருக்கு வண்டியை விற்றுவிடுகிறது, டீலர் நமக்கு விற்கிறார்; இருவரும் தனித்தனி வியாபாரிகள். தனக்குத் தெரியாமல் டீலர் செய்ததற்கு உற்பத்தியாளர் பொறுப்பில்லை என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் டீலருக்கு எழுதும் கடிதத்தின் நகலை ஆரம்பத்திலேயே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும். பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது. கம்பெனியின் இணையதளத்திலேயே பணம் கட்டியவர்கள் அங்குள்ள ரத்து விதிகளைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பதிவு செய்த தேதி, ரசீது எண், தொகை, ரத்து செய்வதற்கான காரணம், பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கு, 15 நாள் கெடு. பணத்தைப் பிடிப்பதாக இருந்தால் எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுத்தில் தர வேண்டும் என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். போனில் பேசியது எதற்கும் சாட்சியில்லை.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதுவே தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். ஷோரூம் கோயம்புத்தூரில் இருந்தாலும், திருநெல்வேலியில் குடியிருப்பவர் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி இது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

மனு எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றொரு பிரிவு இருக்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் நிபந்தனைகளை அது குறிவைக்கிறது. படித்ததும் நமக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் அதன்கீழ் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். மாவட்ட ஆணையத்துக்குப் போகிறவர்கள் ‘சேவைக் குறைபாடு’, ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்ற அடிப்படையில் மனுவை எழுத வேண்டும்.

சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னாலும் நடப்பில் கூடுதலாக ஆகலாம். சாதகமாக உத்தரவு வந்து டீலர் மேல்முறையீடு போக நினைத்தால், தர வேண்டிய தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் போகாமல் உத்தரவையும் மதிக்காமல் இருந்தால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க அதே நுகர்வோர் சட்டத்தின் 72-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வழக்கு அந்த எல்லைக்குப் போவதற்கு முன்பே, நோட்டீஸ் கிடைத்த வாரத்திலேயே “சார், ஒரு தடவை ஷோரூமுக்கு வர முடியுமா?” என்று போன் வந்தால் போகலாம். பணம் கணக்கில் ஏறிய பிறகு மட்டும் ‘முழுத் தீர்வு’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுங்கள்.