முதல் பிழை எங்கே?

லினக்ஸ் கணினி முழுதாக இயங்கத் தொடங்காமல் பாதியில் நின்றால், திரையின் கடைசி வரியைத்தான் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். அதையே காரணமென நம்பி, இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவுபவர்களும் உண்டு. ஆனால் கடைசி வரி பெரும்பாலும் விளைவைத்தான் சொல்கிறது. காரணம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதைப் பிடிக்க, பதிவுகளைக் கால வரிசையில் படிக்க வேண்டும்.

அதற்கு வசதியாகவே பதிவுகள் அமைந்துள்ளன. லினக்ஸின் மையமான கெர்னல் இயங்கத் தொடங்கும்போது வட்டு இன்னும் இணைந்திருக்காது. அதனால் தன் செய்திகளை நினைவகத்தில் ஒரு வளையத்தில் எழுதுகிறது. வளையம் நிறைந்தால் பழைய வரிகளின் மேல் புதியவை வந்து அமரும். 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளை காட்டுவது இதைத்தான். ஒவ்வொரு வரியின் முன்னாலும், கெர்னல் தொடங்கியதிலிருந்து எத்தனை நொடிகள் ஆயின என்ற கணக்கு இருக்கும். கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும், 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, இந்தச் செய்திகளையும் பிற சேவைகளின் செய்திகளையும் ஒரே குறிப்பேட்டில் சேர்க்கிறது. 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் இந்தத் தொடக்கத்தின் பதிவையோ முந்தைய தொடக்கத்தின் பதிவையோ தனியே எடுத்துப் படிக்கலாம். செய்திகளின் தீவிரத்துக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. பிழை என்பது 3.

கழற்றிவிட்ட வட்டு ஒன்றின் அடையாள எண், இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் நீக்கப்படாமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வராத வட்டுக்காக சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிகள் காத்திருக்கும். பிறகு நேரம் முடிந்ததென ஒரு வரி பதிவாகும். அந்த வட்டை நம்பியிருந்த அடுத்தடுத்த படிகள் தோற்கும். இறுதியில் அவசர நிலை திரையில் தோன்றும். அவசர நிலை என்ற சொல்லை எவ்வளவு தேடினாலும் எஃப்எஸ்டேப் நினைவுக்கு வராது. வரிகளுக்கிடையே உள்ள அந்த 90 நொடி இடைவெளியும், அதன் முடிவில் பெயர் குறிக்கப்பட்ட வட்டும் நேரே அங்கே கொண்டுபோய்விடும்.

பிழை நிலையை மட்டும் வடிகட்டிப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். தேடலைத் தொடங்க அது நல்ல வழிதான். ஆனால் நன்றாக இயங்கும் கணினியிலும், வன்பொருளையும் மின்சக்தியையும் நிர்வகிக்கும் ஏசிபிஐ தொடர்பான பிழை வரிகள் வருவதுண்டு. ஆகவே கால வரிசையில் முதலாவதாக வரும் பிழையே எப்போதும் காரணமாகிவிடாது. நல்ல தொடக்கத்தின் பதிவோடு ஒப்பிட்டு, அதில் இல்லாமல் இதில் மட்டும் முதலில் தோன்றும் வரியையே தேட வேண்டும். கணினியே எழாதபோது எப்படிப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸைத் தொடங்கி, பழைய வட்டிலுள்ள குறிப்பேட்டைப் படிக்கலாம். இயங்குதளம் உள்ள மூல வட்டே இணையாமல் போயிருந்தால் அந்தத் தொடக்கம் பதிவாகியே இருக்காது. அப்போது திரையைப் படம் எடுத்து வைப்பதே வழி.

முந்தைய தொடக்கங்களின் பதிவைப் படிக்கும் வழிகளெல்லாம் குறிப்பேடு வட்டில் தங்கினால்தான் பயன்படும். சில அமைப்புகளில் அது நினைவகத்தில் மட்டுமே இருந்து, மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். எனவே கணினி நலமாக இருக்கும்போதே நிலையான பதிவை இயக்கிவிடுங்கள். ஒப்பிட ஒரு நல்ல தொடக்கம் கையில் இருந்தால், பழுதைத் தேடும் வேலை பாதியாகக் குறையும்.