பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கேள்விகளும் சட்டம் சொல்லும் பதில்களும்

காலை ஏழரை மணி. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை சி.டி.எச். சாலையில் பள்ளி வேன்களும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று எனப் பிள்ளைகளை ஏற்றிய டூவீலர்களும் நெருக்கியடித்துப் போகின்றன. அதே நேரத்தில் உள்தெருவில் ஒரு வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்து, டைனிங் டேபிளில் கணக்கு நோட்டு விரிகிறது. யூனிஃபார்ம் இல்லை, பெல் இல்லை.

"பசங்களுக்கு லீவாம்மா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். "இல்லக்கா, வீட்டுலயேதான் படிக்கிறாங்க." அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்போ டென்த் எப்படி எழுதுவாங்க?"

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், ஹோம்ஸ்கூலிங் பற்றி யோசிக்கும் எந்தக் கிறிஸ்தவப் பெற்றோரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஏன் இந்த யோசனை வருகிறது?

சில காரணங்கள் எல்லோருக்கும் பொதுவானவை: கட்டணம், மார்க் அழுத்தம், வேனில் போய்வரும் நேரம், தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, 'வீட்டிலும் பாடம் நடக்கும்' என்பதைப் பல பெற்றோர் முதன்முறையாகப் பார்த்தார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்றுத்தருவது முதலில் பெற்றோரின் பொறுப்பு என்பது அவர்களின் நம்பிக்கை. உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 'ஞாயிறு ஒரு மணி நேரம் சண்டே ஸ்கூல் போதுமா?' என்பதுதான் அவர்களின் உள்மனக் கேள்வி.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. தமிழகத்தில் பள்ளிக்கூடத்தைப் பரவலாக்கியதில் கிறிஸ்தவ மிஷன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1706-ல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்க் அங்கே பள்ளிகளைத் தொடங்கினார். சண்டே ஸ்கூலே 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வாரம் முழுக்க வேலை பார்த்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரப் பரவிய இயக்கம்தான். பள்ளியின் கதவைப் பலருக்குத் திறந்துவிட்ட அதே மரபில் வந்தவர்கள், இன்று பள்ளியே வேண்டுமா என்று யோசிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்குகிறது. அதைச் செயல்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை.

வீட்டுக் கல்வியை விரும்பும் பெற்றோர் தொடரலாம் என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. பிறகு அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. சுருக்கமாகச் சொன்னால், ஹோம்ஸ்கூலிங்கை வெளிப்படையாக அனுமதிக்கும் சட்டமும் இல்லை, அதைக் குற்றமாக்கும் பிரிவு கல்வி உரிமைச் சட்டத்திலும் இல்லை.

வெளிநாடுகளிலும் ஒரே நிலை கிடையாது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். அங்கே வீட்டிலேயே பாடம் நடத்திய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கில், 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மன் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

நாலு குடும்பம் சேர்ந்து நடத்தினால்?

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தருவது வேறு. சபை ஹாலில் பத்துப் பிள்ளைகளைத் தினமும் உட்கார வைத்து, ஃபீஸ் வாங்கிப் பாடம் நடத்துவது வேறு. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை என்கிறது 18-வது பிரிவு. 'லேர்னிங் சென்டர்' என்று போர்டில் பெயரை மாற்றினால் மட்டும் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடாது.

டென்த், ப்ளஸ் டூ எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். 1989-ல் தொடங்கப்பட்டது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். இன்னொன்று, மாநில அரசின் தனித்தேர்வர் முறை. இதற்கு வயது, முந்தைய வகுப்புத் தகுதி போன்ற நிபந்தனைகள் உண்டு.

நீட் தேர்வுக்குத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனாலும் ஒவ்வொரு படிப்புக்கும் அரசு வேலைக்கும் தகுதி விதி தனித்தனி. பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும் முன்பே அவற்றைப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் மாளவிகா ஜோஷி நல்ல உதாரணம். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டவர். சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் பதக்கங்கள் வென்றார். ஆனால், ப்ளஸ் டூ இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டது நம்ம ஊர் சென்னை கணிதவியல் நிறுவனம். 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. பெருமையான கதைதான். ஆனால், எல்லாப் பிள்ளைகளும் ஒலிம்பியாட் பிள்ளைகள் அல்ல.

எதை இழக்கிறோம்?

முதலில் சலுகைகள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் வீட்டில் படித்த பெண்ணுக்குக் கிடைக்காது. தொழிற்பேட்டைச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது சின்னக் கணக்கு இல்லை. அதோடு, பெரும்பாலும் அம்மாவின் வேலைதான் போகும். அந்த வருமானத்தையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, தமிழ். அமெரிக்காவிலிருந்து வரும் கிறிஸ்தவப் பாடப் புத்தகங்கள் முழுக்க ஆங்கிலம். இந்தியாவில் முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழில், 1715-ல் வெளியானது. அந்த மரபில் வந்த குடும்பத்தின் பேத்தி, ஆராதனையில் பாட்டி கையிலிருக்கும் வேதத்தை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் நின்றால், விசுவாசத்துக்காக எடுத்த முடிவு விசுவாசத்தையே தொட்டுவிடும்.

மூன்றாவது, பக்கத்து பெஞ்ச். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்புகள், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று பல ஊர், பல மொழி, பல மதக் குடும்பங்கள் ஒன்றாக வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் ஒரே டிபன் பாக்ஸில் கைவிடும் இடம் பள்ளிக்கூடம். வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால் கவனிக்கக்கூடிய இன்னொரு பெரியவரும் அங்கேதான் இருக்கிறார். கிரிக்கெட் கோச்சிங், நூலகம், இசை வகுப்பு என்று சபைக்கு வெளியேயும் உறவுகளை அமைத்துத் தராவிட்டால், வீடு மட்டுமே பிள்ளையின் உலகமாகிவிடும்.

திரும்பி வர முடியுமா?

முடியும். 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், மற்றவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி தரவும் சட்டத்தின் 4-வது பிரிவு வழி செய்கிறது. அதனால் இது ஒருமுறை எடுத்து மூடிவிடும் முடிவாக இருக்க வேண்டியதில்லை. வருடா வருடம் ஏப்ரலில் உட்கார்ந்து பேசலாம்: எழுத, படிக்க, கணக்குப் போட வயதுக்கேற்ப வருகிறதா? நண்பர்கள் இருக்கிறார்களா? அம்மா களைத்துப்போய்விட்டாரா?

அந்தப் பேச்சில் அப்பா, அம்மா, பாட்டி, போதகர் என எல்லோருக்கும் கருத்து இருக்கும். கல்வி உரிமை என்று சட்டம் சொல்வது பிள்ளையின் உரிமையை. அதனால் டைனிங் டேபிளில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்: "உனக்கு எப்படிடா இருக்கு?"